நடுவில் நிற்கும் பிள்ளை

எங்கள் பள்ளியில் அவர் பெயர் ஒட்டு டீச்சர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர். வாக்கியங்களை இணைக்கும் சொற்களை அவர் பலகையில் எழுதி ஒப்பிக்கச் சொல்வதில்லை. இரண்டு பேரைத் தள்ளி நிறுத்தி, ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வைப்பார். மூன்றாவது பிள்ளை இருவரையும் கேட்டுவிட்டு நடுவில் போய், இருபக்கமும் கையைப் பிடித்து, ‘ஆனால்’ என்றோ ‘அதனால்’ என்றோ சேர்த்து முழுசாகச் சொல்ல வேண்டும். அதுதான் ஒட்டு. நடுவில் நிற்க அங்கே தினமும் அடிதடி.

என் வகுப்புக்கும் அவருடையதற்கும் இடையே ஒரு மரத்தட்டிதான். என் பிள்ளைகள் பாட்டுப்போல ஒப்பிப்பார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சொன்னதைச் செய்தால் வேலை நிலைக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த சூத்திரம். ஒட்டு டீச்சரோ பல வருடமாகத் தற்காலிகம். அந்த ஆண்டு ஆய்வாளர் நல்லபடியாக எழுதினால் நிரந்தரம்.

ஆய்வுக்கு முந்தின நாள் தலைமையாசிரியையான பெரிய டீச்சர் ஒட்டு டீச்சரைக் கூப்பிட்டார்.

“வேன் டிரைவர் பொண்ணுக்கு நாளைக்கு லீவு குடுத்துடும்மா. அது வாயைத் திறக்கறதுக்குள்ள விடிஞ்சிடும்.”

“அவளுக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு டீச்சர்?”

“உடம்பைப் பத்தி யார் பேசினா? உன் வேலையைப் பத்திப் பேசறேன்.”

“அவ வருவா டீச்சர்.”

மறுநாள் காலை வேன் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் இறங்கினார்கள், அவள் மட்டும் இல்லை. டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“பெரிய டீச்சர் வேணாம்னு போன் பண்ணாங்க டீச்சர். நான் என்ன பண்றது?”

“ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் கொண்டாந்துட்டு உங்க பிள்ளையை வீட்டுல விட்டுட்டு வந்திருக்கீங்களே, நல்லா இருக்காண்ணே? போய்க் கூட்டிட்டு வாங்க. அவ வர்ற வரைக்கும் நான் இந்த கேட்டை விட்டு நகர மாட்டேன்.”

வேன் திரும்பிப் போனது. ஆய்வாளரின் கார் வந்தபோதும் அவர் கேட்டிலேயே நின்றார். பெரிய டீச்சர் என்னை அனுப்பினார்.

“அக்கா, வாங்கக்கா. பெரிய டீச்சர் முகம் சரியில்ல.”

“என் முகம் மட்டும் நல்லாவா இருக்கு? நீ போய் என் பிள்ளைங்களைப் பாத்துக்க.”

அவர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். எந்தத் தைரியத்தில் அங்கே நிற்கிறார் என்று யோசித்தேன். தைரியமா, பிடிவாதமா? எனக்குப் பிடிபடவில்லை.

ஆய்வாளர் வகுப்புக்குள் நுழைந்த பின்னால்தான் டீச்சர் வந்தார், கையில் அந்தப் பெண்ணோடு. தலைகூட வாரியிருக்கவில்லை. நேராக அவளையே நடுவில் நிறுத்தினார்.

“எனக்குப் பசிக்குது,” என்றான் ஒருவன்.

“இன்னும் மணி அடிக்கலை,” என்றாள் இன்னொருத்தி.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். நடுவில் நின்றவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பின்பெஞ்சில் ஒரு குரல் “ஆ...” என்று எடுத்துக் கொடுக்கப் பார்த்தது, டீச்சர் விரலை உயர்த்தினார். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“வேற யாரையாவது நிறுத்துங்கம்மா.”

“இது அவ முறை சார். கொஞ்சம் இருங்க.”

அவர் இருக்கவில்லை. தட்டியைச் சுற்றி என் வகுப்புக்கு வந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். என் பிள்ளைகள் எழுந்து நின்று, தடங்கலில்லாமல் ஒப்பித்தார்கள். “பிரமாதம்,” என்றார். அந்தச் சொல் என் மேல் ஏனோ ஒட்டவில்லை.

அப்போதுதான் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, கட்டைக் குரலில், கத்தலாக வந்தது:

“எனக்குப் பசிக்குது, ஆனா இன்னும் மணி அடிக்கலை!”

உடனே பெஞ்சுகளைத் தட்டும் சத்தம், கூச்சல். ஆய்வாளர் திரும்பிப் பார்த்தார். “ஒண்ணுமில்ல சார்,” என்று பெரிய டீச்சர் அவரை அடுத்த அறைக்கு நகர்த்தினார்.

நிரந்தரம் வரவில்லை. செய்தி வந்த அன்று ஆசிரியர் அறையில் பெரிய டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“இருந்த வாய்ப்பும் போச்சு. இப்பத் திருப்தியா உனக்கு?”

ஒட்டு டீச்சர் சாப்பாட்டு டப்பாவை மூடினார்.

“வருத்தமாத்தான் இருக்கு டீச்சர். நாளைக்கும் ரெண்டாம் வகுப்பு எனக்குத்தானே?”

“வேற யாரு போவா அங்க?”

“அப்ப என்னைக் கேக்காம இனிமே எந்தப் பிள்ளை வீட்டுக்கும் போன் பண்ணாதீங்க.”

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மணி அடித்தது. ஒட்டு டீச்சர் எழுந்து வகுப்புக்குப் போனார்.