நாலு செங்கல் சில்லும் ஒரு ஆடி மாதமும்

இது நடந்தது தென்காசியில், இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால். எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. சிவகிரிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வைகாசியில் கல்யாணம் ஆகியிருந்தது. ஆனியில் வீட்டில் ஒரே விருந்தாளிக் கூட்டம். ஆடி பிறக்கப் போகிறது என்று, நாலு நாள் முன்பே என் மனைவியை அவள் அப்பா வந்து தென்காசிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணமான முதல் ஆடியில் பெண் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை ஆடி முதல் நாள் போய் விருந்து சாப்பிட்டுவிட்டு, மறுநாள் தனியாக ஊர் திரும்ப வேண்டும். ஆவணி பிறந்தபிறகுதான் பெண்ணைக் கூட்டி வரலாம்.

இரண்டு மாதத்தில் நானும் அவளும் பேசியதை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம். "சாப்பாடு போடட்டா?" என்பாள். "போடு" என்பேன். பெரியவர்கள் நடமாடும் வீட்டில் அதற்கு மேல் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். அந்தக் கவலையோடுதான் புது வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மாமனார் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தோளில் போடுகிற துண்டைக்கூட விளிம்புக்கு விளிம்பு சரியாக மடித்துத்தான் போடுவார். அவர் என்ன கேட்டாலும் எனக்கு ஏதோ குற்றம் செய்தவன்போல நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாமியார் என் எதிரில் வரமாட்டார். அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். இன்னொரு ஆள் என் கொழுந்தியாள். பன்னிரண்டு வயது. அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே பேசிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விருந்து முடிந்தது. வெளியே பொசுபொசுவென்று சாரல். எங்கேயும் போக வழியில்லை. கொழுந்தியாள் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து பட்டாசலில், அதுதான் வீட்டு நடுக்கூடத்தில், போட்டாள். தாயக்கட்டம் கீறிய பலாப் பலகை. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு.

"அத்தான், தாயம் வெளையாடுவோமா? அக்காவும் ஆட வாரா."

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் துண்டை மடித்துத் தூணோரம் வைத்துவிட்டு, தானும் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு வெற்றிலைக் காம்பு, கொழுந்தியாளுக்குப் புளியங்கொட்டை, என் மனைவிக்கு நீல வளையல் துண்டு, எனக்குச் செங்கல் சில்லு. ஆளுக்கு நாலு காய்.

"மாப்பிள்ளை, இந்த வீட்டுல ஒரு சட்டம் உண்டு," என்றார் மாமனார். "கட்டையத் தொட்டாச்சுன்னா, தன் நாலு காயும் பழுக்காம ஒருத்தரும் படி இறங்கக் கூடாது. யாரா இருந்தாலும் சரி."

நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் தாயத்தில் என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. நாலு காயையும் சுற்றிக் கொண்டுபோய் நடுக்கட்டத்தில் பழம் பழுக்க வைக்க எனக்கு ஒரு மணி நேரம் போதும். காலையில் பஸ்ஸுக்குத் தயாராக இருக்கலாம். தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை கெட்டிக்காரன் என்று இவளும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று எண்ணம் ஓடியது.

முதல் காய் மளமளவென்று பழுத்தது. இரண்டாவது காய் உள்ளே திரும்பப் போகிற சமயம், என் மனைவிக்கு ஐந்து விழுந்தது. குனிந்த தலை நிமிராமல் என் செங்கல் சில்லைத் தூக்கிப் பலகைக்கு வெளியே வைத்தாள். வெட்டு. சரி, ஆட்டம் என்றால் அப்படித்தான். மறுபடி தாயம் போட்டுக் காயை இறக்கினேன். மறுபடி வெட்டினாள். மூன்றாவது காயை இறக்கினேன். அதையும் வெட்டினாள். அவளுக்குப் பக்கத்திலேயே அவள் அப்பாவின் வெற்றிலைக் காம்பு வெட்டுக்குத் தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதைத் தொடவில்லை. தங்கையின் புளியங்கொட்டையையும் தொடவில்லை. தன் காய் பழுக்க இருந்த வாய்ப்பையும் விட்டுவிட்டு, எங்கேயோ கிடந்த என் சில்லைத் தேடி வந்து வெட்டினாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஆறு தடவை வெட்டுப்பட்டேன். கொழுந்தியாள் விரல் விட்டு எண்ணி உரக்கச் சொன்னாள். மாமனார் பலகையை அப்படியே காயோடு தூக்கி நெல் கொட்டி வைக்கும் குலுக்கையின் மேல் வைத்து, "நாளைக்குத் தொடரும்" என்றார். நான் சிரித்துவைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. இவளுக்கு என்மேல் இவ்வளவு வெறுப்பா? பேசமுடியாததை எல்லாம் காயை வெட்டித் தீர்த்துக்கொள்கிறாளா? ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்தச் சின்னக் கணக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை பஸ் எனக்கில்லாமலே போனது. எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு குற்றாலம் போனோம். அருவியில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று கொட்டுகிறது, சீசன் கூட்டம் கும்மாளம் போடுகிறது, நான் மட்டும் ஒரு பாறைமேல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் தேய்க்கிற ஆள் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு அவள் வந்தாள். கையில் எனக்கு ஒரு துண்டு. பக்கத்தில் வீட்டார் யாரும் இல்லை. அருவி இரைச்சலில் நாங்கள் பேசுவது யார் காதிலும் விழாது. கல்யாணமாகி முதல் தடவையாக இருவரும் மனம்விட்டுப் பேச ஒரு இடம் கிடைத்திருந்தது.

அதை நான் எப்படிப் பயன்படுத்திக்கொண்டேன் தெரியுமா?

"நான் சீக்கிரம் ஊருக்குப் போகணும். அங்க ஆயிரம் ஜோலி கிடக்கு," என்றேன். "இங்கன உக்காந்து ஒங்கிட்ட வெட்டுப்படவா வந்தேன்?"

அவள் துண்டைப் பாறைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சொன்ன மறு நிமிஷமே எனக்கு வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் வாத்தியார் வீறாப்பு விடவில்லை. வண்டியில் திரும்பும்போது அவள் தன் தங்கைக்கு அந்தப் பக்கம், நான் மாமனாருக்கு இந்தப் பக்கம். கொழுந்தியாள்கூட அதிசயமாக வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகை மறுபடி கீழே இறங்கியது. அன்று எனக்கு யோகம். கேட்டபோதெல்லாம் தாயம் விழுந்தது. இரண்டாவது காயும் பழுத்தது. மூன்றாவது ஆயிற்று, நாலாவது மட்டும் பாக்கி என்று நான் சொல்லிக்கொண்டபோது கொழுந்தியாள் திருத்தினாள். "இல்ல அத்தான், ஒங்களுக்கு ரெண்டுதான் பழுத்திருக்கு. மூணாவது இன்னும் பழத்துக்கு ஒரு கட்டம் வெளிய நிக்கு." எண்ணிக்கைகூடத் தவறும் அளவுக்கு என் மனம் ஆட்டத்தில் இல்லை. ஜெயிப்பது ஏனோ உப்பில்லாத சோறாக இருந்தது. நாலாவது காய் வெளிச்சுற்றில் தனியாக வந்துகொண்டிருந்தது. ஒருத்தரும் அதை வெட்டவில்லை. இதே கதியில் போனால் சாயங்காலம் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

அவள் கட்டையை உருட்டினாள். மூன்று விழுந்தது. வேறு ஒரு காயை மூன்று கட்டம் நகர்த்தினாள்.

மாமனார் கையை நீட்டித் தடுத்தார். அவர் கண்ணுக்கு எந்தக் குற்றமும் தப்பாது.

"ஏட்டி, கண்ணு அவிஞ்சா போச்சு? இந்தக் காய்க்கு நேரா மூணாவது கட்டத்துல மாப்பிள்ளை காய் நிக்குல்லா. வெட்டாம எங்கன போற? காலையிலருந்து பாக்கேன், இது மூணாவது தடவை."

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அவுகளுக்கு ஊருக்குப் போகணுமாம்ப்பா. வெட்டினா எப்படிப் போவாக?"

அடுக்களையில் ஏதோ பாத்திரம் உருட்டிய சத்தம் நின்றுவிட்டது.

அந்த வீட்டுச் சட்டத்தை மாமனாரின் வெறும் வேடிக்கை என்று நான் நினைத்திருந்தேன். அவள் பிறந்ததிலிருந்து அந்தச் சட்டத்தில் வளர்ந்தவள். காய் பழுத்தால் நான் போய்விடுவேன். வெட்டினால் இருப்பேன். பெரியவர்கள் எதிரில் "இன்னும் ரெண்டு நாள் இருங்க" என்று சொல்ல முடியாத பெண், வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் ஆறு தடவை அதைச் சொல்லியிருக்கிறாள். ஆறையும் நான் வசவு என்று எடுத்துக்கொண்டேன். அதோடு நிற்காமல் குற்றாலத்தில் போய் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சந்தோஷம் தாங்கவில்லை. வெட்கமும் தாங்கவில்லை. இரண்டில் எது அதிகம் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

கட்டை என் கைக்கு வந்தது. உருட்டினேன். தாயம். தாயத்துக்கு இன்னொரு தடவை உருட்ட வேண்டும். அதில் இரண்டு விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவனுக்குக்கூட இதற்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கும். தாயத்தை வைத்து உள்ளே நிற்கும் காயைப் பழுக்க வைக்கலாம். இரண்டை வைத்து வெளியே நிற்கும் காயைக் குறுக்குக்கோடு போட்ட மலைக் கட்டத்தில் ஏற்றிவிடலாம். மலையில் நிற்கிற காயை யாரும் வெட்ட முடியாது.

நான் மூன்றையும் வெளிக்காய்க்கே வைத்தேன். மலையைத் தாண்டி, அவள் இப்போதுதான் நகர்த்திய காய்க்கு இரண்டே கட்டம் முன்னால் கொண்டுபோய் என் செங்கல் சில்லை நிறுத்தினேன்.

"மாப்பிள்ளை," என்று மாமனார் நிதானமாக ஆரம்பித்தார், "பழத்தையும் விட்டு, மலையையும் விட்டு, அவ வாய்க்குள்ள கொண்டு காயை வைக்கீங்களே. யோசிச்சுத்தான் வைக்கீங்களா?"

"யோசிச்சுத்தான் மாமா," என்றேன். அவரிடம் நாக்கு ஒட்டாமல் நான் பேசிய முதல் வார்த்தை அது.

மாமனாரும் கொழுந்தியாளும் ஆடினார்கள். என்ன போட்டார்கள், எதை நகர்த்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் கட்டையை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடவே உருட்டினாள். பித்தளை தரையில் விழுந்து புரண்டு நின்றது.

இரண்டு.

அவள் உடனே காயைத் தொடவில்லை. முதலில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நாலு பேர் நடுவில், நேருக்கு நேர், கல்யாணமாகி முதல் தடவை. உதட்டு ஓரத்தில் சிரிப்பை அடக்கிவைத்திருந்தது தெரிந்தது.

"வெட்டுதேன்," என்றாள்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "ஏட்டி, அப்போ ராத்திரிக்கும் மாப்பிள்ளைக்குச் சேத்தே உலை வைக்கட்டா?"

கொழுந்தியாள் பலகைமேல் விழுந்து சிரித்தாள். மாமனார் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதை வைத்துத்தான் அவர் சிரிக்கிறார் என்று கண்டுபிடித்தேன். வீடு முழுவதற்கும் விஷயம் வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கிறது. தெரியாதவன் நான் ஒருவன்தான். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து ஓடப் பார்த்தாள். தங்கை சேலையைப் பிடித்து இழுத்து, "காய் பழுக்காம எழும்பக் கூடாது" என்று உட்கார வைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. நான் காயைக் கொண்டுபோய் அவள் எதிரில் நிறுத்துவேன், அவள் வெட்டுவாள். ஒரு தடவை அவள் தன் காயைக் கொண்டுவந்து என் எதிரில் நிறுத்தினாள். நான் வெட்டினேன். மாமனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் கூட்டுச் சேந்து ஆடுதீங்க, இது குத்தம்" என்று தீர்ப்புச் சொன்னார். நாலு மணி பஸ் போன சத்தம் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அடுக்களைப் பின்கட்டில் அவளுக்காகக் காத்திருந்து, "குத்தாலத்துல நான் சொன்னதை மனசுல வச்சுக்காத" என்றேன். "எதை?" என்று கேட்டாள். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆனால் என் இரண்டு காய் இன்னும் பழுக்கவில்லை. சட்டத்தை என்ன செய்வது? மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாய்தா போடுதேன்" என்றார். "ஆவணி பொறந்ததும் வந்து ஆட்டத்தை முடிச்சுக் குடுத்துட்டு, ஒங்க பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போங்க." பலகை காயோடு குலுக்கைமேல் ஏறியது.

அந்த ஒரு மாதம் எனக்கு எப்படிப் போனது என்று எழுதினால் பத்திரிகையில் இடம் போதாது. ஆவணி முதல் நாள் நான் போய் நின்றபோது பலகை அப்படியே இருந்தது. சில்லு ஒன்றுகூட இடம் மாறவில்லை. தினமும் அவளே தூசி தட்டி வைத்தாளாம். அன்றும் உட்கார்ந்து ஆடினோம். அன்றும் முடியவில்லை. கடைசியில் மாமனார் வெறுத்துப்போய், "பலகையையும் சேத்து எடுத்துட்டுப் போய்த் தொலைங்க" என்று வண்டியில் ஏற்றிவிட்டார்.

பலகை இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நாங்கள் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இப்போதும் நான் ஏதாவது ஊருக்குக் கிளம்ப வேண்டும் என்றால், முந்தின நாள் சாயங்காலம் அவள் ஒன்றும் பேசாமல் பலகையைக் கொண்டுவந்து எதிரில் போடுவாள். போன மாதம் மகன் வீட்டுக்குப் போகவேண்டியவன் இரண்டு நாள் பிந்தித்தான் போனேன். என்ன காரணம் என்று மகன் கேட்டபோது, பஸ் கிடைக்கவில்லை என்று சொல்லிவைத்தேன்.

ஒருவர் நம்மைத் தடுத்தால் நமக்கு முதலில் வருவது கோபம்தான். எதற்காகத் தடுக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றுவதே இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அது தோன்றுவதற்கு ஒரு ஆடி மாதமும் நாலு செங்கல் சில்லும் வேண்டியிருந்தன.