விஞ்ஞானிக்கே நான் சொன்ன யோசனை

இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு வாழை ஆராய்ச்சி நிலையப் பெண் விஞ்ஞானி. நானும் வாழை விவசாயியாச்சே, விடுவேனா? காவிரிப் பாலம் வரை நின்றபடியே அவருக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் எடுத்தேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளைக்குச் சூறைக்காத்துன்னு போன் பண்ணிக்கிட்டே இருக்கோமே, வாழைக்கு முட்டு கொடுத்துட்டீங்களா?" என்றார்.

"எந்த போன்?"

மனைவி முந்திக்கொண்டாள். "வணக்கம்னு ஒரு பொண்ணு குரல் வந்ததும், 'லோன் வேண்டாம், வைம்மா'ன்னு கட் பண்ணுவீங்களே, அதாங்க!"

"அது என் குரல்தாங்க," என்று சிரித்தார் விஞ்ஞானி.

நான் அசரவில்லை. "வணக்கம்னு ஆரம்பிச்சா லோன்னுதான் நினைப்பாங்க. 'வாழை விழப்போகுது'ன்னு ஆரம்பிங்கம்மா!"

உடனே குறித்துக்கொண்டார்.

ஆக, மாவட்டத்து வாழையையெல்லாம் காப்பாற்றியாகிவிட்டது. என் தோட்டம்தான் பாக்கி. இருட்டுவதற்குள் முட்டு கொடுக்கச் சவுக்குக் கம்பு தருபவர்கள் கமெண்டில் வரவும். லோன்காரர்கள் வேண்டாம்.