பென்சில் அக்காவும் பேசாத பெரியம்மாவும்

மேஜை விளிம்பில் திருகி இறுக்கிய ஷார்ப்னரின் கைப்பிடியைச் சுற்றுவதற்கு முன், பென்சில் அக்கா பென்சிலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். மர வாசனை வந்தால்தான் உள்ளே விடுவார். வராவிட்டால், "இது மரமில்ல, அட்டை. அட்டையைச் சீவ எனக்கு நேரமில்ல" என்று சன்னலோரம் ஒதுக்கிவிடுவார். சீவி முடித்ததும் முனையை வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்ப்பார். உள்ளே ஓடும் கரி நடுவில் இல்லாமல் ஓரமாகச் சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் மரம் மேலேறி நிற்கும். "பாரு, ஒரு கால்சட்டையை மட்டும் மடிச்சு விட்டுக்கிட்டு வந்து நிக்குது" என்று அதுவும் சன்னலுக்குப் போகும்.

உருண்டைப் பென்சில் அவருக்கு ஆகாது. உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடும். குனிந்து எடுக்க முழங்கால் ஒத்துழைக்காது. பின்பக்கம் ரப்பர் வைத்த பென்சிலோ பரம விரோதி. "எழுத ஆரம்பிக்கும்போதே அழிக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டு எழுதுறதா? கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே வக்கீலைக் கூட்டிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்பார். அவரே கணவரோடு ஒத்துவராமல் பிரிந்து வந்தவர்தான். அதனால் இந்த உவமையைக் கேட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று எதிரே இருப்பவர்கள் விழிப்பார்கள். அவர் முதலில் சிரித்து அவர்களைக் காப்பாற்றிவிடுவார்.

தினமும் மதியம் ஒளிபரப்பாகும் ஒரு குடும்பத் தொடருக்கு வசனம் எழுதுவது அவர் தொழில். எல்லோரும் கம்ப்யூட்டரில் தட்டும் காலத்தில் இவர் மட்டும் கையால்தான் எழுதுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். சண்டைக் காட்சிக்கு டூ ஹெச், அதாவது கெட்டிப் பென்சில். அழுத்தி எழுதினால் அடுத்த தாளிலும் பள்ளம் விழும். "கோவம்னா அடுத்த பக்கத்துக்கும் தெரியணும்." அழுகைக்கும் ஆறுதலுக்கும் ஃபோர் பி, வெண்ணெய் மாதிரி மெதுவாக இறங்கும் பென்சில். இதை ஷார்ப்னரில் விடமாட்டார், முனை உடைந்துவிடும். பிளேடால் வழித்து வழித்துத்தான் சீவுவார். எழுதி முடிப்பதற்குள் கையின் ஓரம் முழுக்கக் கறுத்துவிடும். ஸ்டூடியோவில் டைப் செய்யும் பெண், தாளை வாங்குவதற்கு முன்பே அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னைக்கு யாரு அழுவுறா?" என்று கேட்பாள்.

பிளாஸ்டிக் ஷார்ப்னரைப் பற்றிக் கேட்டால் அவர் முகம் கோணும். "அது சீவாது. கடிச்சுத் துப்பும்." கைப்பையில் எப்போதும் ஒரு குட்டிப் பித்தளை ஷார்ப்னர் கிடக்கும். அதன் பிளேடு மழுங்கினால் மாற்றித் தருவது தம்பியின் வேலை.

தம்பி பல் செட் செய்பவர். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்ப, முன்னறையில் உட்கார்ந்து யார் யாருக்கோ பல் செய்வார். அக்கா பெட்டியோடு வந்து இறங்கிய நாளிலிருந்து முன்னறையில் பல்லும் பின்னறையில் சொல்லுமாகக் குடித்தனம் நடக்கிறது. அக்காவின் பேனாக்களைத் தொட அனுமதி உள்ள ஒரே மனிதர் அவர்தான். நிப்பு தாளைக் கீறினால் அக்கா பேனாவை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போவார். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நிப்பை அதன்மேல் எட்டுப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்ப்பார். "கடவாப் பல்லு மாதிரி இருந்தது, இப்ப பால் பல்லு ஆக்கிட்டேன், எழுதிப் பாரு" என்று திருப்பிக் கொடுப்பார். மைப்புட்டியின் வாய் குறுகி, அடியில் தங்கிய மை பேனாவுக்கு எட்டாமல் போனால், ஊசி போடும் சிரிஞ்சும் அவரிடமிருந்துதான் வரும்.

பேனா என்றால் அக்காவுக்கு மை உறிஞ்சும் பேனா. அடைத்து விற்கும் மைக்குழாய் போடுகிற பேனாவை, "ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று தள்ளிவிடுவார். மை நீலக் கறுப்புதான். வெறும் நீலம் பள்ளிக்கூடம். வெறும் கறுப்பு துக்கச் செய்தி. மட்டமான தாளில் எழுதினால் மைக்குக் கால் முளைத்து ஓடும் என்பதால் தாளையும் நாவால் லேசாகத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் புதுக் கட்டு வந்தால் அவருக்குத்தான் முதலில் ஆள் அனுப்புவார்.

எழுதும் முறைக்கும் ஒரு சட்டம் உண்டு. முதலில் பென்சில். வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அடித்துத் திருத்தி, பிறகு மை. மை ஏறிவிட்டால் ஒரு கமாவைக்கூட மாற்ற விடமாட்டார். புதிதாக வந்த டைரக்டர் ஒருமுறை மாற்றிப் பார்த்தார். அக்கா சண்டை போடவில்லை. ஸ்டூடியோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வாக்கியம் பழையபடி ஆகும்வரை பென்சில் சீவிக்கொண்டிருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் காலடியில் குவிந்த சுருளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். டைரக்டர் இறங்கி வந்தார். அன்றிலிருந்து அவருக்கும் இவர் அக்கா ஆனார்.

அந்த டைரக்டர்தான் போன வருஷம் ஒரு நாள் காலையில் வீட்டுக்கே வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"அக்கா, பெரியம்மாவை முடிச்சிடணும்."

பெரியம்மா என்பது தொடரில் ஒரு பாத்திரம். அந்த வீட்டின் மூத்தவர், யார் தப்புச் செய்தாலும் தட்டிக் கேட்பவர். நடித்தவர் எழுபதைத் தாண்டிய பழைய நடிகை. பல வருஷமாக அதே வேஷம் போட்டதில் ஸ்டூடியோவில் எல்லோருக்குமே அவர் பெரியம்மா ஆகிவிட்டார். தனியாக இருப்பவர். தினமும் ஷூட்டிங் வேன் வந்து ஹாரன் அடிப்பதற்கு முன்பே வாசலில் தயாராக நிற்பார்.

"ஏன், என்ன பண்ணாங்க?" என்றார் அக்கா.

"வசனம் நிக்க மாட்டேங்குதுக்கா அவங்களுக்கு. பாதியில மறந்துட்டு என் முகத்தைப் பாக்குறாங்க. ஒரு பக்க வசனத்துக்கு அரை நாள் போகுது. சேனல்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. நெஞ்சு வலின்னு வையுங்க. ரெண்டு சீன் போதும்."

அக்கா இதற்கு முன் அந்தத் தொடரில் பலரைக் கொன்றிருக்கிறார். விபத்தில், விஷத்தில், வெளிநாட்டில். சாவுக்கு எப்போதும் சாதாரண ஹெச்பி பென்சில்தான். "அதுக்குப் போய் நல்ல பென்சிலை வீணாக்குவாங்களா?" என்பார். அன்றும் ஹெச்பியை எடுத்தார். முனை உடைந்தது. சீவினார். மறுபடி உடைந்தது. முன்னறையில் பல் செட்டைத் தேய்க்கும் மோட்டாரை நிறுத்திவிட்டுத் தம்பி எட்டிப் பார்த்தார்.

"என்னக்கா, மட்டமான பென்சிலா?"

"பென்சில் நல்லாத்தான் இருக்கு" என்றார் அக்கா. "நீ போய் உன் பல்லைப் பாரு."

மத்தியானம் போன் வந்தது. பெரியம்மாதான்.

"ஏன்டி, என்னைக் கொல்லப் போறியாமே?"

யார் சொல்லியிருப்பார்கள் என்று அக்கா யோசித்தார். வேன் டிரைவர் சொன்னாரோ, மேக்கப் போடுபவர் சொன்னாரோ. ஸ்டூடியோவில் ரகசியம் என்று எது தங்கியிருக்கிறது?

"இல்ல பெரியம்மா, அது வந்து..."

"பரவால்ல, விடு. உன் மேல எனக்கு என்ன கோவம். நீ மாட்டேன்னா வேற ஒருத்தி எழுதப் போறா." பிறகு குரல் தாழ்ந்து வந்தது. "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். சாகும்போது வசனம் சின்னதா வை. அதையாவது தடுமாறாம சொல்லிட்டுப் போறேன்."

போனை வைத்துவிட்டு அக்கா மேஜையில் கிடந்த ஹெச்பியைச் சன்னலோரம் தள்ளினார். அழவில்லை. கோபப்பட்டார். யார் மேல் என்று அவருக்கே தெரியவில்லை. டைரக்டரிலிருந்து சேனல்காரர்கள் வரைக்கும் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தக் கோபம் கடைசியில் பெரியம்மாவிடமே வந்து நின்றது. இத்தனை வருஷம் இத்தனை பேரைத் தட்டிக் கேட்ட ஒரு பொம்பளை, தன்னைக் கொல்ல வரும்போது வசனத்தைச் சின்னதாக வை என்று கேட்கிறாளே!

அப்போதுதான் அது தோன்றியது. தட்டிக் கேட்டுத் தட்டிக் கேட்டு அலுத்துப்போன ஒருத்தி என்ன செய்வாள்? சாகமாட்டாள். பேச்சை நிறுத்திக்கொள்வாள்.

அக்கா பென்சிலைத் தொடவே இல்லை. பேனாவைத் திறந்து நேரே மையில் எழுதினார். பெற்ற பிள்ளை போல வளர்த்த தங்கை மகன், சொத்துப் பேச்சில் பெரியம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு எதுக்கு வாய்?" என்று கேட்டுவிடுகிறான். பெரியம்மா பதில் சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும் இல்லை. அந்த வீட்டில் இனி யாரிடமும் பேச்சில்லை. கேட்டதற்குப் பதில் இல்லை. துண்டை மடிப்பார், சன்னலைச் சாத்துவார், எழுந்து போவார். சுற்றி இருப்பவர்கள்தான் பேசிப் பேசித் தோற்பார்கள்.

மை காய்வதற்குள் ஆட்டோ பிடித்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். டைரக்டர் நின்றபடியே படித்தார்.

"அக்கா, சாவு எங்க?"

"இல்ல."

"பேசாத கேரக்டருக்கு வசனகர்த்தா எதுக்குன்னு கேட்டு, என்னையும் உங்களையும் சேத்துத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். இது மை, தம்பி. பென்சில் இல்ல."

டைரக்டர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். படித்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "ஒரு நாள் எடுத்துப் பாக்கலாம். சேனல்காரங்க பாத்துட்டு வேண்டாம்னா அப்புறம் நீங்க என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

பெரியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நன்றி சொல்லவில்லை, முகம் சுண்டிவிட்டது. "அப்போ நான் வாயில்லாப் பூச்சியா?" என்று கேட்டுவிட்டு மேக்கப் அறைக்குப் போனார். அக்கா அவர் பின்னால் இரண்டடி போய் நின்றுவிட்டார். நல்லது செய்வதாக நினைத்து அவமானப்படுத்திவிட்டோமோ?

ஆனால் காமிரா ஓடியதும் பெரியம்மா அந்தக் கோபத்தையே எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். எதிரே கதாநாயகி கையைப் பிடித்துக் கெஞ்ச, இவர் துண்டை மடித்தார். ஒரு ஓரம் சரியில்லை என்று பிரித்தார். மறுபடி மடித்தார். கதாநாயகியாக நடித்த பெண்ணுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஒரே டேக்கில் முடிந்தது. சேனல்காரர்கள் பார்த்தார்கள். அடுத்த வாரம் பார்ப்போம் என்றார்கள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார்கள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டார்கள். பெரியம்மா எப்போது பேசுவார் என்று கேட்டு ஸ்டூடியோவுக்குப் போன் வரத் தொடங்கியது. பல் செட் வாங்க வந்த ஒரு பெண்மணி தம்பியிடம், வாயில் இன்னும் பழகாத புதுப் பல்லோடு, "உங்கக்கா கிட்டக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று குழறிவிட்டுப் போனார்.

பேச்சில்லாத பெரியம்மாவுக்கு எழுத அக்காவிடம் தனியாக ஒரு பென்சில் சேர்ந்தது. கெட்டியும் இல்லை, மெதுவும் இல்லை, வெறும் எஃப் என்று போட்டிருக்கும். கடையில் யாரும் கேட்காததால் தூசி படிந்து கிடந்த ரகம். "எதுக்கும் சேராத பென்சில்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது, அது பாட்டுக்கு வேலை செய்யும், சத்தமே வராது." அவருக்கு வசனம் எழுதிய காலத்தைவிட இப்போது அதிகத் தாள் செலவாகிறது. கை எங்கே இருக்கிறது, பார்வை எங்கே போகிறது, கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று எல்லாம் எழுதவேண்டியிருக்கிறது.

மழைக்காலம் வந்தபோது பெரியம்மா அக்காவின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"நல்லாத்தான்டி போகுது. ஆனா ஒரு வார்த்தை குடு. ஒண்ணே ஒண்ணு. வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லிட்டா எனக்குப் போதும்."

"தடுமாறினா பெரியம்மா?"

"தடுமாறிட்டுப் போறேன். அது என் பாடு."

ஒரு வாரம் அக்கா அந்த ஒரு வார்த்தையைத் தேடினார். நீளமாக எழுதி, பாதியாகக் குறைத்து, அதையும் குறைத்து, கடைசியில் ஒரே எழுத்து மிஞ்சியது. எல்லாம் இழந்து திரும்பி வந்த தங்கை மகன் வாசலில் நிற்பான். பெரியம்மா அவனைப் பார்த்து, "வா" என்பார். அவ்வளவுதான். அதை மையில் எழுதும்போது எழுத்து கோணிப்போனது என்று அக்கா தம்பியிடம் சொன்னார். அவர் பேனாவை வாங்கி நிப்பைப் பார்த்துவிட்டு, "நிப்புல கோளாறு இல்ல" என்றார்.

ஷூட்டிங் அன்று அக்கா போனார். விளக்குகளுக்குப் பின்னால், லைட்மேன் பக்கத்தில் நின்றுகொண்டார். வாசலில் பையன் வந்து நின்றான். பெரியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார். அவனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டைரக்டர் கையைப் பாதி உயர்த்தினார். பெரியம்மாவின் கண் ஒருமுறை அலைந்து, எதையோ தேடி, திரும்பி வந்து பையனின் முகத்தில் நின்றது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

பிறகு வந்தது. "வா."

டைரக்டர் கட் சொல்ல மறந்துபோய் நின்றார். அப்புறம் எல்லோரும் ஒன்றாகக் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே லைட்மேன் தயங்கித் தயங்கி, "அக்கா, கையை விடுங்க, வலிக்குது" என்றார். பென்சில் அக்கா குனிந்து பார்த்தார். லைட்மேனின் முழங்கைக்கு மேலே தன் நகம் பதிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, விரல்களை விலக்கி, உள்ளங்கையால் அந்த இடத்தை மெதுவாக நீவிவிடத் தொடங்கினார்.