பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை

பாலஸ்தீனத்துக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அங்க போய் என்னடி வேலை?"

"பார்க்கிற வேலைக்கா. ராணுவம் பிடிச்சு வச்சிருக்கிற ஊரு. சொந்தத் தோட்டத்துக்குப் போகணும்னாலும் சிப்பாய்கிட்ட கேட்டுத்தான் போகணுமாம். நாங்க பக்கத்துல நின்னு என்ன நடக்குதுன்னு பார்க்கணும். வெளியூர் ஆள் பார்த்தா அவனுங்க கொஞ்சம் அடங்கி நடப்பானுங்களாம்."

"சம்பளம்?"

"கிடையாது."

"ஏண்டி, சிப்பாயைப் பார்க்கவா பிளேன் ஏறிப் போறே? இந்தா, ஸ்ட்ராண்ட் ரோட்டுல நிக்கிறான், பார்த்துக்கோ." சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்ததோ என்று அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராணுவம் ஆண்ட அந்த நாளில் ரங்கூனில் அவ்வளவு சொல்வதே அதிகம்.

போட்டாதாங் படகுத்துறைக்குப் போகிற வழியில், நடைபாதையில் அக்காவின் தோசைக் கடை. ஒரு பெஞ்சு, ஒரு பெரிய குடை, ஓர் அடுப்பு, ஓர் இரும்புக் கல். பெஞ்சு போனால் வேறு பெஞ்சு வாங்கலாம். கல் போனால் அவ்வளவுதான். புதுக் கல்லைப் பழக்கி ஒட்டாமல் தோசை எடுக்க மாதக்கணக்காகும். அதுவரை அவள் கடையில் கிடைப்பது தோசை இல்லை, கந்தல். நடைபாதையைச் சுத்தம் செய்கிறோம் என்று லாரி வந்து ஏற்கெனவே இரண்டு கல்லைக் கொண்டுபோய்விட்டது. மூன்றாவதும் போனால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தான் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்தக் கல்தான்.

"லாரியில தூக்கிப் போட்டது யாருக்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

"எனக்கென்னடி தெரியும்? நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டேன்."

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. பர்மியர்கள் 'ஆனாடெ' என்பார்கள். அடுத்தவரைச் சங்கடப்படுத்த மனம் கூசுவது. எங்களைப் போன்ற பர்மாத் தமிழர்களுக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. லாரி வந்தால் டீக்கடையில் இருப்பவர்கள் கோப்பைக்குள் பார்ப்பார்கள், பழக்காரி பழத்தைப் பார்ப்பாள், பொருளைப் பறிகொடுப்பவள் சுவரைப் பார்ப்பாள். அதில் பாதி கூச்சம், பாதி பயம்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருத்தியை, உற்றுப் பார்ப்பதையே தொழிலாகச் செய்ய அனுப்பிய புண்ணியம் எங்கள் பங்குச் சாமியாரைச் சேரும். இங்கிலீஷ் தெரிந்த, பாஸ்போர்ட் இருக்கிற ஆள் வேண்டும் என்று, அங்கே பார்வையாளர்களை அனுப்பும் திருச்சபை அமைப்பிலிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். வேளாங்கண்ணிக்குப் போவதற்காக நாயாய் அலைந்து வாங்கிய பாஸ்போர்ட் பெட்டியில் சும்மா கிடந்தது. என் தகுதி அவ்வளவுதான்.

வட்டாரத் தலைவரிடம் மட்டும் ஜெருசலேம் யாத்திரை என்று சொன்னோம். அரசாங்கத்தின் ஆள். வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அவரிடம்தான் பதிய வேண்டும். ஆனால் அக்காவுக்கு அவர் தங்கமான மனிதர். தினமும் காலையில் அவள் கடையில்தான் சாப்பாடு. கல் போன இரண்டு தடவையும், "எந்தப் பாவி தூக்கினானோ!" என்று அவளைவிட அதிகமாகப் புலம்பியவர் அவர்தான். புதுக் கல்லில் வந்த கந்தலை மற்றவர்கள் துப்பிவிட்டுப் போனபோது, மாதக்கணக்கில் வாயைத் திறக்காமல் தின்றவரும் அவர் ஒருவர்தான். "சயாமா," என்றார் என்னிடம், பர்மியில் டீச்சரைக் கூப்பிடுவது அப்படித்தான். "முழங்கால் வலிக்கு அங்கேருந்து ஏதாச்சும் கொண்டுவாங்க." அவர் புத்த பக்தர். இருந்தாலும் பலன் தரும் என்றால் எந்தச் சாமியையும் விட்டுவைக்க மாட்டார்.

பாலஸ்தீனத்தில் எனக்கு ஒரு மேல்சட்டை கொடுத்தார்கள். கை கிடையாது, உடம்பெல்லாம் பை, முதுகில் இங்கிலீஷில் கொட்டை எழுத்து. நான் தங்கிய வீட்டு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவருடைய ஒலிவ மரங்கள் ராணுவம் போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தன. வேலியில் ஒரு கேட். காலையில் சிப்பாய் வந்து திறந்தால் மரத்துக்குப் போகலாம், அவன் முடியாது என்றால் திரும்பி வர வேண்டும். அந்த அம்மா போவதையும் வருவதையும் நான் நின்று பார்க்க வேண்டும்.

முதல் நாள் கேட்டுக்குப் போனேன். சிப்பாய் வந்தான். உடனே என் தலை தானாகக் குனிந்துவிட்டது! இத்தனை வருடப் பழக்கம், கழுத்து என் பேச்சைக் கேட்கவில்லை. என்னோடு நின்றவர் ஏதோ பனிநாட்டில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், நெட்டை மனிதர். "எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினான்?" என்று கேட்டார்.

"தெரியாது. அவன் பூட்ஸ் லேஸ் ஒண்ணு அவிழ்ந்திருந்தது."

பாவம், அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் எங்கள் வீட்டு அம்மாவும் ஒருவர். வந்ததும் வராததுமாக என்னை அடுக்களையில் பிடித்துக்கொண்டார். அரைகுறை இங்கிலீஷ்தான், ஆனால் திட்டுவதற்கு அது தாராளம். "ரங்கூன்லேருந்து என் கேட்டைப் பார்க்க வந்தியா, உன் காலைப் பார்க்க வந்தியா?"

எங்கள் ஊர்க் கூச்சத்தைப் பற்றி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எதிரே ரொட்டியோடு உட்கார்ந்தார். "என்னைப் பாரு. எனக்குத் தொண்டையில இறங்காம போற வரைக்கும் பாரு."

பார்த்தேன். அவர் ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை உருட்டினார், மூக்கைச் சுருக்கினார், ஒட்டகம் மாதிரி மென்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சிரிக்காதே! சிப்பாய் இப்படிச் செஞ்சா சிரிப்பியா?" என்று அதட்டியவரே, வாயில் இருந்ததையெல்லாம் என் புதுச் சட்டை மேல் துப்பிச் சிரித்தார். ஒரு வாரம் இந்தக் கூத்துதான் நடந்தது.

பிறகு ஒரு காலை, கேட்டைத் திறக்காமல் சாவகாசமாக ரொட்டி தின்றுகொண்டிருந்த சிப்பாயை நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். அவன் திரும்பி நின்றான். நானும் சுற்றிப் போய் நின்றேன். "என்ன வேணும்?" என்றான். "ஒண்ணும் வேணாம், நீ சாப்பிடு," என்றேன். பாதி ரொட்டியைப் பையில் வைத்துவிட்டுக் கேட்டைத் திறந்தான்.

நான் பார்த்ததால் வேலி ஒன்றும் விழுந்துவிடவில்லை. பல நாள் நான் பார்க்கப் பார்க்கவே திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அழுகையாக வரும். அந்த அம்மா சொல்வார், "பரவாயில்லை. நீ பார்த்தே இல்ல? நான் பொய் சொல்றேன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது."

புறப்படும்போது அவர் ஒரு புட்டி ஒலிவ எண்ணெய் கொடுத்தார். அதில் பாதியை முழங்காலில் தடவச் சொல்லித் தலைவரிடம் கொடுத்தேன். புனித நாட்டு எண்ணெயைக் காலில் தடவுவதா என்று அத்தனையையும் மடக்கென்று குடித்துவிட்டார். இரண்டு நாள் கக்கூஸை விட்டு அவர் வெளியே வரவில்லை.

அவர் எழுந்து நடமாட ஆரம்பித்த வாரம்தான் லாரி வந்தது. யாரோ பெரிய மனிதர் ஸ்ட்ராண்ட் ரோடு வழியாகப் போகப்போகிறாராம். எதிர்மாடியில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். டீக்கடையில் தலைகள் எல்லாம் கோப்பைக்குள் போய்விட்டன. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.

இது பாலஸ்தீனம் இல்லை, இங்கே நான் வெளியூர்க்காரியும் இல்லை. பிடித்துக்கொண்டு போனால் கேட்க நாதி கிடையாது. இருந்தாலும் கை அந்த மேல்சட்டையை எடுத்துவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டும் லுங்கியோடு அதை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவசரத்தில் முன்பின் மாறி, கொட்டை எழுத்து நெஞ்சில் இருந்தது. எந்த இலாகா என்று தெரியாமல் லாரி ஆட்கள் இரண்டு பேரும் எனக்கு ஒரு வணக்கம் வைத்தார்கள்.

பெஞ்சை ஏற்றினார்கள், குடையை ஏற்றினார்கள். கல்லில் கை வைத்த ஆள் "அம்மாடி!" என்று துள்ளினான். அதன் மேல் அக்காவின் தோசை இன்னும் வெந்துகொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் பார்த்து, "தலைவரே, கல்லு சுடுது, என்ன செய்யட்டும்?" என்று கத்தினான்.

நான் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். லாரிக்குப் பின்னால், முகத்தைத் தன் கைக்குடையால் மறைத்துக்கொண்டு எங்கள் வட்டாரத் தலைவர்.

நான் அவரையே பார்த்தேன். அவர் இந்தப் பக்கம் திரும்பினார், நானும் வந்தேன். அந்தப் பக்கம் திரும்பினார், அங்கேயும் வந்தேன்.

"சயாமா, கொஞ்சம் அப்படிப் பாருங்களேன். ஆனாடெயா இருக்கு."

அந்தக் குரலைக் கேட்டு அக்கா சுவரிலிருந்து திரும்பினாள்.

"நீங்களா?"

அவர் குடையை மடக்கினார்.

"முன்னே ரெண்டு தடவையும் நீங்கதானா?" அக்காவின் குரல் உடைந்துவிட்டது. "அதான் அந்தக் கந்தலையெல்லாம் வாயைத் திறக்காம தின்னீங்களா?"

"மேலே இருந்து உத்தரவும்மா. நான் தூக்கலேன்னா என்னைத் தூக்கிடுவாங்க," என்றார். அதுவும் பொய்யில்லை. அக்கா அவரிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. தோசை கருகிப் புகைந்தது. அவர் தன் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கல்லு சுடுதுல்ல, விடுங்கடா. பெஞ்சும் குடையும் போதும்," என்று லாரியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் வந்தார். கடைக்குள் வராமல் சற்றுத் தள்ளிச் சுவரைப் பார்த்து நின்றார். அக்கா கரண்டியால் கல்லைத் தட்டினாள்.

"சுவர்ல என்ன இருக்கு? இங்க வாங்க. பெஞ்சை நீங்கதான் கொண்டுபோயிட்டீங்க, நின்னுக்கிட்டே சாப்பிடுங்க."

முறுகலாக, கிழியாமல், மூன்று தோசை வைத்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவர் ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவதைப் பார்த்தாள். டீக்கடைக்காரர்களும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தோசை அவருக்கு இறங்கவில்லை.