கேனில் ஊற்றிய தீர்த்தம்

பிள்ளைகளா, அப்பா பத்தாவதோடு நின்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எட்டு வருஷம் ஒரு லேபில் வேலை பார்த்தேன். செம்மண்டலத்தில் மாடியில் இருந்த சின்ன லேப். தினமும் சிதம்பரத்திலிருந்து காலை பஸ்ஸில் போவேன். கண்ணாடித் துண்டுகளைக் கழுவுவது, தண்ணீர் நிரப்புவது, மைக்ராஸ்கோப்பைத் துடைப்பது என் வேலை. முதல் நாலு வருஷம் துடைத்தும் ஒரு நாள்கூட அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்ததில்லை.

2008இல் ஆயுத பூஜைக்கு நம் கோயில் தீர்த்தத்தைக் கொண்டுபோனேன். வீட்டில் மாதக்கணக்கில் கழுவாமல் கிடந்த பிளாஸ்டிக் கேனில்தான் பிடித்துப் போனேன். எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துத் தெளித்தேன். பரிசோதனை செய்கிற மேடம் என்னைவிடச் சின்னவர். "லென்ஸுக்குச் சந்தனம் வெக்காதீங்கண்ணே, போன வருஷம் சாமி கண்ணையே மறைச்சிட்டீங்க" என்று சிரித்தார். பூஜை முடிந்ததும் மீதித் தீர்த்தத்தைக் கீழே கொட்ட மனம் வரவில்லை. சளி சோதனையில் கண்ணாடியைக் கழுவுகிற சுத்தத் தண்ணீர் கேனில் ஊற்றிவிட்டேன். நல்லதுதானே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அண்ணாகிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முந்திரிக் கொட்டை உடைக்கிறவள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை, விடாத இருமல். அவள் சளியில் காசநோய்க் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் போனது. அவளுக்குப் பிறகு வந்த நாலு பேருக்கும் அப்படியே.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அஞ்சு பேருக்கும் வரிசையா வருதே. அண்ணே, தண்ணி எதுனா மாத்துனீங்களா?"

"இல்லியே மேடம்."

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொன்ன பொய் அது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணின் புருஷன் தனியாக வந்தான். "அண்ணே, கொழந்தைக்குப் பால் குடுக்கலாமா கூடாதா? எங்கம்மா புள்ளய அவகிட்ட விடமாட்டேங்குறாங்க. அவ ஜன்னலுக்கு அந்தாண்ட குந்திக்கினு அழுவுறா, இது இந்தாண்ட அழுவுது. புட்டிப்பால தொடமாட்டேங்குது."

அவன் படி இறங்குகிற சத்தம் அடங்குவதற்குள் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலாம். நேராகப் போய் அந்தக் கேன் தண்ணீரில் ஒரு சொட்டைப் புதுக் கண்ணாடியில் வைத்துக் காயவிட்டார். சிவப்புச் சாயம் ஏற்றினார். அமிலம் ஊற்றினால் மற்றதிலெல்லாம் அந்தச் சாயம் போய்விடும். காசநோய்க் கிருமியில் மட்டும் போகாது. தண்ணீரில் வாழ்கிற, அதிகம் கெடுதல் செய்யாத சில கிருமிகளுக்கும் அதே குணம் உண்டாம். கடைசியாக நீலச் சாயம் ஊற்றி, "பாருங்கண்ணே" என்றார்.

நீல வெளியில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள். ஒரு சொட்டில் அத்தனை. அமிலம் பட்டும் நிறம் விடாமல் கிடந்தன. கோயிலில் நிற்கும்போதெல்லாம் வெளியே விட்ட செருப்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இதையெல்லாம் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று உடம்பு சிலிர்த்தது. அவன் இருந்தால் என் பொய்யையும் பார்த்திருப்பானே என்று அதே நிமிஷம் தோன்றியது. கை கும்பிடப் போய்ப் பாதியில் நின்றுவிட்டது.

"தீர்த்தத்த குத்தம் சொல்லாதீங்கண்ணே. அழுக்கு உங்க வீட்டு கேனுல கூட இருந்திருக்கலாம். எதுவா இருந்தாலும் இந்தத் தண்ணில ஊத்தலாமா?" என்றார் மேடம்.

அன்றே ஐந்து பேருக்கும் சொல்லி அனுப்பி, புதுத் தண்ணீரில் மறுபடி சோதனை செய்தார். ஒருவருக்கு நிஜமாகவே நோய் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இல்லை. வெறும் நெஞ்சுச் சளிதான்.

அடுத்த வாரம் அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. ஒரு பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்குங்கண்ணே, சிதம்பரத்து விபூதி. நடராஜருக்கு வேண்டிக்கினேன், ரிப்போர்ட்டையே மாத்திட்டாரு."

மேடம் என்னைப் பார்த்தார். தப்பு என்னுடையது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, அந்த லேபில் இருந்தவரை, தினமும் காலையில் முதல் வேலையாக அன்றைய தண்ணீரில் ஒரு சொட்டுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பேன். ஒன்றுமே தெரியாது, நீலம் மட்டும். நம் ஊர்க் கோயிலில் சிதம்பர ரகசியம் என்று திரையை விலக்கிக் காட்டுவதும் வெறும் வெளியைத்தானே. அந்த வெளியின் முன்னால் செருப்பு நினைவு வந்ததில்லை. அந்தக் குழந்தையின் நினைவுதான் வரும்.

அண்ணாகிராமம் போகிற பஸ்ஸில் இரண்டு தடவை ஏறி உட்கார்ந்து, கிளம்புமுன் இறங்கியிருக்கிறேன். உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.