வோல்டேஜ் கம்மி

அம்மாவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் அப்பாதான். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவருக்கு வேறு என்ன தோன்றும்? "வோல்டேஜ் கம்மி" என்று ஆரம்பித்தது நாளடைவில் "கம்மி" என்று சுருங்கி, சொந்தக்காரர்கள் வாயிலெல்லாம் புகுந்துவிட்டது. "கம்மி எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் அத்தை வீட்டுக்குள் கால் வைப்பாள். அம்மாவும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அம்மாவின் லட்சணம் அப்படி. வெயில் கொளுத்தும் மதியத்தில் பழுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால் பாதியிலேயே தலை சுவரில் சாய்ந்துவிடும். புருவம் இருக்க வேண்டிய இடத்தில் பேருக்கு நாலு முடி. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அசைந்து அசைந்து வந்து சேர்வதற்குள் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டியிருப்பார். மகள் பையும் கையுமாக வெளியே நின்று, யாரோ மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். "இவளை நம்பி உலை வைக்க முடியுமா?" என்று அத்தை அலுத்துக்கொள்வாள். அதிலும் தப்புச் சொல்ல முடியாது. உலை வைத்ததை அம்மாவே மறந்துபோன நாட்கள் உண்டு.

மகள் பிறந்த கதை அந்த வீட்டில் அடிக்கடி ஓடும் படம். அதில் ஓடுவது முழுக்க அப்பா. பிரசவம் முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை; கட்டிலிலும் தரையிலும் ரத்தம். அப்பா கடைத்தெருவில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து ரத்தம் கொடுக்க வைத்தாராம். அதில் ஒரு தடியன் ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்து, கடைசியில் அவனுக்குக் கட்டில் தேட வேண்டியதாயிற்றாம். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். கதை நாயகி உயிருக்குப் போராடிக்கொண்டு படுத்திருப்பது யாருக்கும் நினைவிருக்காது.

கதையின் முடிவில் அத்தை வருவாள். அம்மாவுக்குப் பால் சுரக்கவே இல்லை. அத்தைக்கு அப்போது கைக்குழந்தை. தன் பிள்ளையை ஒரு பக்கமும் மகளை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். பெரிய மனசுதான், இல்லை என்று யார் சொன்னது? அதோடு நிறுத்தியிருக்கலாம். "பெத்தவ மனசுல ஆசை இருந்தா பால் தானா வராதா? இவளுக்கு அதுக்கும் சோம்பல்" என்பாள். அதையும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சொல்லமாட்டாள். பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்வாள். அம்மா ஸ்வெட்டர் பட்டனைத் திருகிக்கொண்டிருப்பாள்.

மகள் அதை நம்பித்தான் வளர்ந்தாள். வயதுக்கு வந்தபோது அத்தையிடம்தான் ஓடினாள். வேலை கிடைத்ததும் முதல் போன் அத்தைக்கு. அத்தை மாரடைப்பில் போனபோது, பெற்ற தாயைப் பறிகொடுத்தவள் மாதிரி கதறினாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் முதுகைத் தடவியது. ஜில்லென்று இருந்தது. யார் கை என்று தெரிந்தேதான் உதறிவிட்டாள்.

அவளுக்கு மெடிக்கல் கோடிங் வேலை. எங்கெங்கோ இருக்கும் ஆஸ்பத்திரிகளின் கோப்புகள் கணினியில் வந்து விழும். டாக்டர் எழுதியிருப்பதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அவளுக்குக் கொடுத்திருந்த பிரிவு பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்கள்: நிற்காத ரத்தப்போக்கு, காய்ச்சல், பிரிந்துபோன தையல், காலில் ரத்தக்கட்டு. அந்த வேலையில் ஒரே சட்டம்தான். டாக்டர் எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. வெளிறிய முகமும் மயக்கமும் படபடப்பும் சேர்ந்து வந்து "ரத்தசோகை" என்று கத்தினாலும், டாக்டர் அந்த வார்த்தையை எழுதாதவரை கோடிங் செய்பவர் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். அவள் அதில் படு கறார். வீட்டில் அப்பா தலைவலி என்றால்கூட, "டாக்டர் எழுதிக் கொடுத்தாரா?" என்று கேட்பாள்.

ஒரு நாள் வந்த கோப்பு அவளுக்கு விளங்கவில்லை. மயங்கி விழுந்த ஒரு பெண். அவளுடைய பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. டீம் லீடரிடம் கேட்டாள்.

"அக்கா, இது ஏன் நம்ம பக்கம் வந்துச்சு? பிரசவமாகி எத்தனையோ வருஷம் ஆச்சு. நம்ம கணக்கு ஆறு வாரத்தோட முடிஞ்சுதுல்ல?"

"கடைசி வரைக்கும் படிச்சியா நீ? அந்தப் பிரசவத்தாலதான்னு டாக்டர் எழுதியிருக்காங்க பாரு. பின்விளைவுக்குன்னு தனி கோடு நம்பர் இருக்கு. அதுக்குக் காலக்கெடுவே கிடையாது. பேரப்பிள்ளை எடுத்த பிறகு வந்தாலும் போடலாம்."

கடைசி வரைக்கும் படித்தாள். பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போயிருக்கிறது. அந்த நேரத்தில் மூளைக்கு அடியில் கொண்டைக்கடலை அளவே உள்ள சுரப்பி ஒன்று ரத்தம் கிடைக்காமல் பட்டுப்போய்விட்டது. உடம்பை நடத்துவதே அந்தக் கடலைதான். பால் சுரக்கவில்லை. மாதவிலக்கு திரும்ப வரவில்லை. எப்போதும் குளிர், எப்போதும் தூக்கம், புருவ முடி உதிர்வு. "வீட்டில் என்னைச் சோம்பேறி என்கிறார்கள்" என்று அந்தப் பெண் சொன்னதைக்கூட டாக்டர் விடாமல் எழுதியிருந்தார்.

போட வேண்டிய எண்ணைப் போட்டாள். வேலை வேலைதான். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி தங்கை ஏன் இல்லை என்று சின்ன வயதில் கேட்டதும், "உங்கம்மாவுக்கு உன் ஒருத்தியையே தூக்க முடியலை" என்று அத்தை சொன்னதும் ஞாபகம் வந்தது.

சாயங்காலம், அம்மாவுக்கும் இதே நோயாக இருக்கலாம் என்று வீட்டில் சொன்னதும் அப்பா சிரித்தார். "எத்தனை டாக்டரைப் பார்த்தாச்சு! எல்லாரும் சத்து டானிக்தானே எழுதினாங்க? நீ என்ன, டாக்டரா?"

"இல்லப்பா. அதனாலதான் டாக்டர்கிட்ட போகலாங்கறேன்."

ஹார்மோன் டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. மகள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அம்மாவிடமே திரும்பி எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தார். ரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். அதேதான்.

"மாத்திரை சாப்பிட்டா நல்லாயிடுவாங்க. ஆனா வாழ்நாள் பூரா சாப்பிடணும். ஒரு நாளும் நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர்.

"அன்னைக்கே கண்டுபிடிச்சிருந்தா?" என்றார் அப்பா.

"அன்னையிலேர்ந்தே நல்லா இருந்திருப்பாங்க."

அப்பா வீடு வரும்வரை மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு மாத்திரை, சில நாள் விட்டு இன்னொன்று. சில வாரங்கள் போயிருக்கும். ஒரு காலையில் அப்பா பல் தேய்க்க வந்தால் வீடு பெருக்கியாகிவிட்டது, ஸ்வெட்டர் துவைத்துக் கொடியில் தொங்குகிறது. அம்மா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"என்னங்க, நீங்கல்லாம் தினமும் இப்படித்தான் இருந்தீங்களா?"

"எப்படி?"

"நான் எந்திரிச்சா உடம்பும் கூடவே எந்திரிக்குது."

அப்பா குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அன்றோடு "கம்மி" ஒழிந்தது. கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயரைச் சொல்லி அப்பா கூப்பிட்டபோது, யாரோ வந்திருக்கிறார்களோ என்று அம்மா வாசலைப் பார்த்தாள்.

நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள். விழித்துக்கொண்டவளுக்குத்தானே எவ்வளவு தூங்கியிருக்கிறோம் என்பது உறைக்கும்? பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு, "இது எப்ப எடுத்தது? நான் இருந்தேனா?" என்று கேட்பாள். எல்லாவற்றிலும் இருந்தாள். ஓரத்தில், ஸ்வெட்டரோடு, கண் பாதி மூடியபடி இருந்தாள். மகளின் பல் விழுந்த வயதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்காமல் விட்டிருக்கிறோமே என்று அழுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது.

"அந்தப் பால்... அதுவும் இதனாலதானா?"

"ஆமாம்மா."

"நீயா சொல்றியா? இல்ல, டாக்டர் எழுதியிருக்காரா?"

மகள் உள்ளே போய் டாக்டரின் அறிக்கையை எடுத்து வந்தாள். "எழுதியிருக்கார்ம்மா. ஆரம்பமே அதுதான்."

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "உங்க அத்தை சொன்னதை நான் நம்பிட்டேன்டி. எல்லாரும் அந்தப் பக்கம் போனதும் உன்னை எடுத்து மாருல வெச்சுப் பார்ப்பேன். நீ இழுத்து இழுத்துப் பார்த்துட்டு வீறிட்டு அழுவே. உடனே அவங்க வந்து வாங்கிட்டுப் போயிடுவாங்க. இந்தப் புள்ள மேல எனக்கு ஆசையே இல்ல போலிருக்குன்னு நினைச்சுக்குவேன். ஆசை இல்லேன்னா எனக்கு ஏன் இப்படி அழுகை வருதுன்னும் புரியாது."

மகள், அத்தையின் சாவு வீட்டில் உதறித் தள்ளிய அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கதகதப்பாக இருந்தது, வெங்காய வாசனையோடு.

"படி" என்றாள் அம்மா.

மகள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிப் படித்தாள். "பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போனதால சுரப்பி செயலிழந்துபோச்சு. அதனால தாய்க்குப் பால் சுரக்கலை."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது அவள் கண்ணை மூடினால் அது தூக்கம் இல்லை.

"இன்னொரு தடவை படி" என்றாள். "உங்க அத்தைக்குக் கேக்கற மாதிரி, சத்தமா."