அத்தையின் இரண்டு மீட்டர்

நிலாவை இறக்கிக் கொண்டுவந்து, பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே உரசாமல் நிறுத்தச் சொன்னால், அத்தை ஒரே ரிவர்ஸில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். பத்தொன்பது வருஷமாகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். எந்தச் சாமானுக்கும் எங்காவது ஓர் இடம் கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் நின்று ஆட மட்டும் அவள் வீட்டிலேயே இடம் இல்லை.

எல்லாம் அந்த வி.ஆர். கண்ணாடியால் வந்த வினை. கிடங்குக் கேன்டீனில் ஒன்பது வருஷம் அத்தையோடு ஜோடி சேர்ந்து டேபிள் டென்னிஸ் ஆடியவள் பில் போடுகிற அக்கா. மகனோடு இருக்க அவள் வேறு நாட்டுக்குப் போய்விட்டாள். ஆளுக்கொரு கண்ணாடி வாங்கினார்கள். தலையில் மாட்டினால் போதும், மேசை, வலை, பந்து, பக்கத்தில் கூட்டாளி எல்லாம் கண்முன்னே வந்து நிற்கும். ஜோடிப் போட்டிக்கும் பெயர் கொடுத்தார்கள். அதில்தான் அந்தப் பாழாய்ப்போன விதி இருந்தது: ஆட்டத்தின் நடுவே எல்லைக் கோட்டைத் தாண்டி மூன்று முறை வெளியேறினால் ஜோடி ரத்து. அத்தை ஏற்கெனவே இரண்டு முறை வெளியேறியிருந்தாள். ஒருமுறை கட்டில்மேல் விழுந்து, இன்னொருமுறை துணிக்கூடைக்குள் உட்கார்ந்து.

இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், ஒன்றுமில்லாத தரை வேண்டும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது.

"ஒண்ணுமில்லாத தரை எவன் வீட்டுல இருக்கு?" என்றாள் அத்தை. "இத செஞ்சவன் ஏர்போர்ட்லயா குடியிருக்கான்?"

கட்டிலை நிமிர்த்திச் சுவரோரம் சாய்த்தாள். நாற்காலிகளைக் கிடங்கு வழக்கப்படி ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினாள். தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் கதவு பாதிதான் திறந்தது. பால் எடுக்கக் கையைப் பாம்பு மாதிரி உள்ளே விட வேண்டியிருந்தது. பீரோ அசையவே இல்லை. அதற்கு அத்தை சூட்டிய பெயர்களை எழுதினால் இந்தத் தாள் கிழிந்துவிடும்.

நீளம் போதுமானதாக இருந்தது. அகலத்தில்தான் சிக்கல். அளப்பதற்கு அண்ணன் மகளைக் கூப்பிட்டாள். அடுத்த தெருவில் இருக்கிற அந்தப் பெண், மழைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்குகிறவள். ஊரார் வீட்டு அழைப்பு மணியை அழுத்திவிட்டு ஓடுவதில் கெட்டிக்காரி.

"டேப்போட முனையப் பிடிடி. ரெண்டு வரலைன்னா இந்தச் சனியன வித்துட்டு, அவள வேற ஆள் பாத்துக்கச் சொல்லிடுவேன். தினம் தினம் முட்டிக்க என்னால முடியாது."

அண்ணன் மகள் நிமிர்த்திய கட்டிலுக்குப் பின்னால் நுழைந்து உட்கார்ந்தாள். "பிடிச்சாச்சு அத்தை."

டேப் சரியாக இரண்டு மீட்டர் காட்டியது. அத்தை அதை ஒரு நொடி பார்த்தாள். கட்டிலை ஒரு நொடி பார்த்தாள். "சரி" என்றாள். கிடங்கிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் ஒட்டு நாடாவைத் தரையில் சுற்றி ஒட்டி, கண்ணாடியிலும் அதன்மேலேயே எல்லைக் கோடு வரைந்துகொண்டாள்.

பயிற்சி ஆட்டத்தில் வேறொரு தலைவலி முளைத்தது. பந்து நீளமாக வந்தால் பின்னால் நகர வேண்டும். அத்தை பின்னால் நகர்வதற்கு முன் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் பந்து போய்விட்டது.

"ஏன்டி ஒவ்வொரு தடவையும் திரும்பற? பின்னாடி யார் நிக்கறா?" என்று கண்ணாடிக்குள்ளிருந்து கூட்டாளி கத்தினாள்.

"பாக்காம ரிவர்ஸ் எடுத்தா ஆள் நசுங்கும்."

"நீ என்ன வண்டிலயா நிக்கற?"

"பழக்கம்டி. கழுத்து தானா திரும்புது. கழுத்த கழட்டியா வைக்க முடியும்?"

திரும்பினால் பந்து போனது. திரும்பாவிட்டால் கால் கோட்டை மிதித்து, எல்லை தாண்டியதற்கு எச்சரிக்கையாகக் கண்முன் சிவப்புக் கம்பி வலை எழும்பியது. பீரோவில் இடித்து விரல் முட்டிகள் நான்கும் வீங்கின. வெள்ளிக்கிழமை மாலை அத்தை கண்ணாடியைக் கழற்றித் தலையணைமேல் எறிந்தாள். தரையில் எறிய மனசு வரவில்லை.

"நாளைக்குப் போட்டில மூணாவது தடவையும் வெளிய போவேன். அவ யாரையாவது சின்னப் பொண்ணப் பாத்துச் சேந்துப்பா. போகட்டும்."

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியபோது, அண்ணன் மகள் சாய்த்த கட்டிலில் முதுகை ஒட்டி, மஞ்சள் கோட்டுக்கு வெளியே பல்லி மாதிரி நின்றாள். முதல் நீளப் பந்து வந்தது. அத்தையின் கழுத்து திரும்பப் போனது.

"வரலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கிடங்கில் வண்டிக்குப் பின்னால் நிற்கிற ஆள் சொல்வது போலவே. "வரலாம், வரலாம்... ஹோல்டான்."

அத்தை நின்றாள். திரும்பவில்லை. பந்தை அடித்தாள்.

அப்படியே மூன்று செட். "வரலாம், வரலாம்" என்று சொல்லிச் சொல்லி அண்ணன் மகளுக்குத் தொண்டை கட்டியது. கடைசி செட்டில் அத்தை வீசிய கை, கோட்டைத் தாண்டிப் போய் அண்ணன் மகளின் புருவத்தில் இறங்கியது. "ஹோல்டான்" மட்டும் சற்று அழுகையோடு வந்தது. கால் தாண்டவில்லை, ஆட்டம் நிற்கவில்லை. பதினொன்றுக்கு ஒன்பது என்று தோற்றார்கள்.

"தோத்துட்டோம்" என்றாள் அத்தை எரிச்சலோடு.

"முழுசா ஆடித் தோத்தோம்ல? அடுத்த சனிக்கிழமையும் இதே நேரம். லேட்டா வராத" என்றாள் கூட்டாளி.

அத்தை ஃபிரிட்ஜின் பாதிக் கதவு வழியே கையை விட்டு ஐஸ் எடுத்துவந்து புருவத்தில் அழுத்தினாள்.

"எத்தனை சென்டிமீட்டர்டி மடிச்ச?"

"என்னது?"

"டேப்ப. கட்டிலுக்குப் பின்னாடி உக்காந்து, சுவத்து மேல மடிச்சுப் பிடிச்சியே."

"இருபது" என்றாள் அண்ணன் மகள். "அப்பவே தெரியுமா?"

"சாமான் ஏத்தற பலகை ரெண்டப் பக்கம் பக்கமா போட்டா ரெண்டு மீட்டர். பத்தொன்பது வருஷமா அதத்தான பாக்கறேன். இங்க ரெண்டாவது பலகை நுழையவே நுழையாது."

"அப்புறம் ஏன் சரின்ன?"

அத்தை ஐஸைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாள். "என்னப் பத்தி நோட்டுல எழுதறியே, அதுல அகலம் ஒண்ணு எண்பதுனு போடு. மொதல் வரியையும் பாத்தேன். நிலாவெல்லாம் என் வண்டி தூக்காது. ரெண்டரை டன்தான்."